இரண்டாம் பதிப்புக்கு ஒரு தேதி

2024 ஜனவரி 6, சனி

நான்காம் பதிப்பின் கால அட்டவணையைப் போட்டு முடித்தேன். மார்ச் 4-க்கு மேல் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. மார்ச் 18 சோதனை வெளியீடு. ஏப்ரல் 15 இறுதி வெளியீடு. அன்றிலிருந்து பதினெட்டு மாதம் மூன்றாம் பதிப்புக்குப் பராமரிப்பு. எல்லாம் கட்டம் கட்டமாக உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் பதிப்பு மட்டும் நடுரோட்டு மாடு மாதிரி நகர மாட்டேன் என்கிறது.

பிளெஸ்ஸி எட்டிப் பார்த்தாள். "ஆபீஸ் வேலைக்கு என்னைக்காவது இப்படிக் கலர் கலராக் கட்டம் போட்டிருக்கீங்களா?" என்றாள். இல்லைதான். ஆபீஸ் வேலை ஆபீஸுக்கு. கோப்பன் என்கிற இந்த மென்பொருள் எங்களுடையது. கல்லூரி முடித்த வருடம் நானும் கூடப் படித்த இசக்கியும் சேர்ந்து எழுதியது. பத்து இடத்தில் பத்து விதமாகக் கிடக்கும் தகவல் கோப்புகளை, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும், ஒன்றாகச் சேர்த்து ஒழுங்குபண்ணிக் கொடுத்துவிடும். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். நேபாளத்தில் ஒரு ரத்த வங்கி, பிரேசிலில் ஒரு நூலகம் என்று எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. பதினான்கு வருடமாகிவிட்டது.

பழைய கம்ப்யூட்டர்களில் இரண்டாம் பதிப்புதான் ஓடும், மூன்றாவது ஓடாது. அதனால் 2025 டிசம்பர் வரை இரண்டைப் பராமரிப்போம் என்று இசக்கி ஊர் முழுக்க வாக்குக் கொடுத்துவிட்டான். வாக்குக் கொடுத்தவன் தூத்துக்குடியில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். அக்டோபரிலிருந்து இது மூன்றாவது தடவை. இரண்டில் ஓட்டை விழுந்தால் அடைப்பது யார்? நவம்பரில் போனில் இதைக் கேட்டதற்கு, "நான் இருக்கேன்லா, உனக்கு என்னவே?" என்றான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் அவனுக்கு. நானும் கத்தினேன். அதோடு பேச்சு நின்றுபோனது.

ஜனவரி 9, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. தண்ணீர் லாரி வரவில்லை.

"ஒரு எட்டு போய் அவரைப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் பிளெஸ்ஸி. கல்லீரல் பிரச்சினை, மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று அவனே சொல்லியிருக்கிறான் என்றேன். "அது அக்டோபர்ல சொன்னது" என்றாள். இவளுக்கு எல்லாவற்றுக்கும் தேதி ஞாபகம் இருக்கும்.

ஜனவரி 11, வியாழன்

லிஸ்டில் எழுதிவிட்டேன். மார்ச் 31-ஓடு இரண்டாம் பதிப்பின் பராமரிப்பை நிறுத்தலாம் என்று.

லிஸ்ட் என்றால் என்ன என்று பிளெஸ்ஸி இன்றைக்குத்தான் கேட்டாள், கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து. கோப்பனோடு சம்பந்தப்பட்ட நானூறு பேருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும் மெயில் குழு அது. அதில் எழுதாதது எதுவும் நடக்கவே இல்லை என்பது எங்கள் சட்டம். போனில் பேசியது செல்லாது, டீக்கடையில் முடிவு பண்ணியது செல்லாது. ஒருவர் ஒரு யோசனையை லிஸ்டில் வைத்தால் பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் யாரும் மறுக்காவிட்டால் எல்லோரும் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். மௌனம் சம்மதம்.

"இசக்கி அண்ணனுக்குத் தனியா ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா?" என்றாள்.

எதற்குச் சொல்ல வேண்டும்? லிஸ்டில் அவனும்தானே இருக்கிறான். இந்தச் சட்டத்தைப் போட்டதே அவன்தான். மறுக்க வேண்டுமானால் வந்து மறுக்கட்டும்.

காரணம் என்ற இடத்தில் முதலில் 'இசக்கியின் உடல்நிலை' என்று எழுதினேன். அழித்தேன். வேறு இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். கடைசியில் 'பராமரிக்க ஆள் இல்லை' என்று போட்டேன். உள்ளதுதானே.

ஜனவரி 13, சனி

பிரேசில் நூலகத்து லூசியா, வருத்தம்தான், ஆனால் புரிகிறது என்று எழுதியிருக்கிறார். நேபாளத்து ரத்த வங்கிக்காரர், தேதிகளைக் குளறுபடி பண்ணும் அந்தப் பிழையையாவது சரிசெய்துவிட்டு நிறுத்துங்கள் என்கிறார். பார்க்கலாம்.

இசக்கியிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். குக்கரில்தான். இசக்கிக்கு வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்பினேன். ஒற்றை டிக்.

ஜனவரி 18, வியாழன்

இன்னும் ஒற்றை டிக்தான். போனை அணைத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான் போல. பதினான்கு வருடப் பழக்கம், எனக்குத் தெரியாதா? மூன்றாம் பதிப்புக்குப் பெயர் வைக்கும்போதும் இப்படித்தான் எட்டு நாள் பேசாமல் இருந்தான்.

அவன் தங்கச்சிக்குப் போட்டுப் பாருங்கள் என்கிறாள் பிளெஸ்ஸி. நம்பர் பழைய போனில் எங்கேயாவது இருக்கும். தேட வேண்டும்.

ஜனவரி 21, ஞாயிறு

வாட்டர் ஃபில்டருக்குத் துணி மாற்றினேன். சர்ச்சுக்குக் கிளம்பும் முன் லிஸ்டின் வாசலைச் சுத்தம் செய்தேன். லிஸ்டில் சேராதவர்கள் அனுப்பும் மடல்கள் நிர்வாகியின் அனுமதிக்காக வாசலிலேயே நிற்கும். நிர்வாகி நான். முன்னெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். அத்தனையும் லோன், லாட்டரி, வழுக்கைக்குத் தைலம். இப்போது ஞாயிறுதோறும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் தள்ளிவிடுகிறேன். இன்றைக்கு எழுபத்தொன்று.

பிரசங்கம் நீளம். பாதி தூங்கிவிட்டேன்.

ஜனவரி 25, வியாழன்

பதினான்கு நாள் முடிந்தது. யாரும் மறுக்கவில்லை. 'ஏற்கப்பட்டது' என்று லிஸ்டில் பதிந்துவிட்டேன்.

சந்தோஷமாக இருக்க வேண்டும், இல்லை. அவன் வந்து சண்டை போடுவான் என்று பதில்களையெல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. எரிச்சலாக இருக்கிறது. ஒரு வரி, 'நாசமாப் போ' என்றாவது எழுதியிருக்கலாம்.

ஜனவரி 30, செவ்வாய்

தூத்துக்குடிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். மார்ச் 22. சோதனை வெளியீடு 18-ஆம் தேதி முடிந்துவிடும், நான்கு நாள் இடைவெளி இருக்கிறது. அட்டவணையில் அந்த வாரம்தான் காலி.

"மார்ச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு பிளெஸ்ஸி துணி மடிக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 2, வெள்ளி

இசக்கி நேற்றுக் காலையில் இறந்துவிட்டான். கல்லூரி வாட்ஸப் குழுவில் இன்று மதியம்தான் பார்த்தேன். நேற்றுச் சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

முப்பத்தேழு வயது.

பிப்ரவரி 4, ஞாயிறு. தூத்துக்குடி

பிளெஸ்ஸியும் நானும் காலையில் வந்து இறங்கினோம். மில்லர்புரத்தில் அதே மாடி வீடு. தங்கச்சி சந்தனமாரிதான் இருந்தாள். அப்பாவும் அம்மாவும் போனபின் அண்ணனும் தங்கச்சியுமாகத்தான் இருந்தார்கள். இளைத்துப் போயிருந்தாள். "வாங்கண்ணே, வாங்க மதினி" என்று இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

 எனக்குச் சொல்லியிருந்தால் வந்திருப்பேனே என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே அது நன்றாகப் படவில்லை.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அண்ணன் எழுதின மெயிலு உங்களுக்கு வந்துச்சாண்ணே?"

"எந்த மெயிலு?" என்றேன்.

"சரி, விடுங்க. காப்பி ஆறிரும்" என்றாள்.

நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். உண்மையிலேயே எனக்கு எந்த மடலும் வரவில்லை. இசக்கியின் பெயரில் தேடு தேடென்று தேடினேன். டிசம்பர் 20 அன்று லிஸ்டில் எழுதியதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 5, திங்கள்

ரயிலில் பிளெஸ்ஸிதான் சொன்னாள். நான் முன்கூடத்தில் சொந்தக்காரர்களோடு உட்கார்ந்திருந்தபோது மாரி இவளிடம் அடுக்களையில் பேசியிருக்கிறாள். "பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவரோட போன் கட்டில்ல இருந்து விழுந்து உடைஞ்சுபோச்சாம். அந்தப் பொண்ணு போன்ல இருந்துதான் எழுதினாராம்."

அப்போது திண்டிவனம் தாண்டியிருந்தது.  வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் லிஸ்டின் பதிவேட்டைத் திறந்தேன். தள்ளிவிட்ட மடல்களின் உள்ளடக்கம் அதில் இருக்காது. யாரிடமிருந்து, எப்போது என்ற விவரம் மட்டும் இருக்கும்.

ஜனவரி 19, காலை 10.42. அனுப்பியவர்: சந்தனமாரி. தலைப்பு: இல்லை.

ஜனவரி 21, காலை 8.15. தள்ளியவர்: செல்வின்.

அவளுடைய முகவரி லிஸ்டில் கிடையாது. அதனால் வாசலில் நின்றிருக்கிறது. எழுபத்தொன்றில் ஒன்று. நான்தான் தள்ளினேன். சர்ச்சுக்குப் போகிற அவசரத்தில்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஆபீசுக்கு லீவு. பழைய போனில் மாரியின் நம்பரைத் தேடினேன். இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. இரண்டு நிமிடம்தான்.

அவள் மறுமுனையில் 'ஹலோ' சொன்னதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மடல் வந்தது, வாசலில் நின்றது, திறந்து பார்க்காமல் குப்பையோடு குப்பையாகத் தள்ளிவிட்டேன் என்று.  லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "இருங்க, அனுப்புதேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் போனில் அது பத்திரமாக இருந்திருக்கிறது. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

'செல்வின், இசக்கி பேசுதேன். நான் சொல்லச் சொல்ல மாரி டைப் அடிக்கா. தமிழ்லதான் எழுதுதேன், மத்தவங்க மொழிபெயர்த்துப் படிச்சுக்கிடட்டும். உன் யோசனையப் பாத்தேன். ஆள் இல்லைன்னு எழுதியிருக்க. பாத்ததும் கோவம் வந்துச்சு. ரெண்டு நாள் யோசிச்சுப் பாத்தேன். சரிதான் வே, ஆள் இல்லை. எனக்கு மறுப்பு கிடையாது, அது லிஸ்ட்ல பதிவாகட்டும். ஆனா என் கிளையில பதினோரு திருத்தம் செஞ்சு வச்சிருக்கேன். நேபாளத்துக்காரர் கேட்டதும் அதுல இருக்கு. அதை வச்சு ரெண்டுக்குக் கடைசியா ஒரு வெளியீடு போட்டு மரியாதையா மூடுவோம். கையொப்பம் நான்தான் போடுவேன். சாவி லேப்டாப்புல இருக்கு, பாஸ்வேர்டு என் மண்டையில இருக்கு. நீ ஒரு தேதி மட்டும் சொல்லு. அன்னைக்கு வலது கையில ஊசி போட வேண்டாம்னு நர்ஸ்கிட்ட சொல்லி வச்சிருதேன். ஊருக்கெல்லாம் அட்டவணை போடுத ஆளுதான நீ, எனக்கு ஒரு தேதி போடு.'

நாலைந்து தடவை படித்தேன். பிளெஸ்ஸியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.  ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் மாரியே கூப்பிட்டாள்.

"அனுப்பினதும் ஒரு பதில் வந்துச்சுண்ணே. நிர்வாகி பாத்துட்டுத்தான் விடுவாருன்னு இங்கிலீஷ்ல. அண்ணன்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். நிர்வாகி செல்வின்தான், ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறதுக்கு முந்திப் பாப்பான்னு சொல்லிச்சு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை போச்சு. திங்கள் காலைல எந்திச்சதும், தேதி வந்துச்சா மாரின்னு கேட்டுச்சு. இல்லண்ணேன்னேன். செவ்வாய்க்கும் கேட்டுச்சு. எங்கிட்ட உங்க நம்பர் இல்ல, பிரெண்ட்ஸ் யாருகிட்டயாவது வாங்கிப் பேசுதேன்னு சொன்னேன். பேசக் கூடாது, லிஸ்ட்லதான் வரணும்னு ஒரே பிடிவாதம். கோவிச்சுக்கிட்டானோன்னு கேக்கும். வேலையா இருப்பான்னு அதுவே சொல்லிக்கிடும். அதுக்குள்ள ரொம்ப மோசமாயிருச்சுண்ணே. மஞ்சளா வீங்கிப்போய் ஒரு வாய் கஞ்சி இறங்கல. அப்பவும் இதேதான் கேக்கும்."

அவள் மூச்சு வாங்கினாள். "அதனால நான் ஒண்ணு செஞ்சிட்டேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"திங்கக்கிழமை, இருபத்தொம்பதாம் தேதி. வந்துருச்சுண்ணே, செல்வின் அண்ணன் தேதி போட்டுட்டாங்க, பிப்ரவரி பத்துன்னு சொல்லிட்டேன். வாய்க்கு வந்த தேதி. நீங்க சொன்னதாத்தான் சொன்னேன். மன்னிச்சுக்கிடுங்கண்ணே."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லையாம். சனிக்கிழமைதானே, நல்லது, ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்காது என்றானாம். வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருந்த லேப்டாப்பை எடுத்து வரச் சொல்லியிருக்கிறான். வலது கையில் ஊசி இருந்ததால் இடது கையால் பாஸ்வேர்டைத் தட்டிப் பழகினானாம். அது இரண்டு நாள். வியாழன் காலையில் போய்விட்டான்.

பிப்ரவரி 7, புதன்

இசக்கியின் கிளை, அதாவது அவன் திருத்தங்களைச் சேர்த்துவைத்த தனிப் பிரதி, சர்வரில்தான் இருந்தது. யாரும் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கடைசியாகச் சேர்த்தது ஜனவரி 8, மதியம் 3.10. அன்றைக்கு அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். நான் இங்கே மறுநாள் பிளெஸ்ஸியிடம் மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று பேசிக்கொண்டிருந்தேன்.

பதினோரு திருத்தங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினேன். நான்காம் பதிப்பின் அட்டவணையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

பத்து சரியாக ஓடுகின்றன. கடைசியானதில் ஒரு தவறு. பாதியில் நிற்கிறது, ஒரு அடைப்புக்குறி மூடவில்லை. இசக்கி அப்படி விடுகிறவன் இல்லை. அந்த நேரம் டாக்டர் வந்திருக்கலாம், வலித்திருக்கலாம். நான் மூடினேன். மூடியது நான் என்று குறிப்பில் எழுதவில்லை. அது அவன் பெயரிலேயே இருக்கட்டும்.

ஆபீசிலிருந்து மூன்று தடவை போன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

எல்லாம் தயார். மீன்குழம்பு நன்றாக இருந்தது என்று பிளெஸ்ஸி சொன்னாள். அவள் வைத்ததை அவளே சொல்ல வேண்டியிருந்தது.

பிப்ரவரி 10, சனி

காலை பதினொரு மணிக்கு இரண்டாம் பதிப்பின் கடைசி வெளியீட்டைப் போட்டேன். பதினோரு திருத்தம், பதினொன்றும் இசக்கியுடையவை. வெளியீடு அசல்தான் என்று காட்ட டிஜிட்டல் கையொப்பம் வேண்டும்; பாஸ்வேர்டு தெரியாமல் அவன் சாவி திறக்காது, அது அவனோடு போய்விட்டது. கையொப்பம் என்னுடையது.

அரை மணி நேரத்தில் லிஸ்டில் ஒருவர் கேட்டுவிட்டார். கென்யாவில் ஏதோ ஒரு கல்லூரி. இரண்டாம் பதிப்பின் வெளியீடுகள் எல்லாவற்றிலும் வேறொருவரின் கையொப்பம் இருக்கிறது, இதில் மட்டும் மாறியிருக்கிறது, இதை நம்பி எடுக்கலாமா என்று. கேட்டது நியாயம். நான் அந்த இடத்தில் இருந்தாலும் கேட்டிருப்பேன்.

முதலில் 'சாவி மாற்றப்பட்டுள்ளது' என்று ஒரு வரி எழுதினேன். அனுப்பவில்லை. பிறகு இப்படி எழுதினேன்: 'அந்தச் சாவிக்குரியவர் இசக்கியப்பன். பிப்ரவரி 1 அன்று இறந்துவிட்டார். இந்த வெளியீட்டில் தன் கையால் கையொப்பமிட விரும்பி, ஒரு தேதி சொல்லும்படி இந்த லிஸ்டுக்கு எழுதினார். வேறு முகவரியிலிருந்து வந்ததால் அதைப் படிக்காமலே குப்பையில் தள்ளிவிட்டேன். பதினான்கு நாளில் யாரும் மறுக்கவில்லை என்று நான் பதிந்தது சரியான பதிவு இல்லை. அவர் பதில் சொல்லியிருந்தார். அவருடைய மடலைக் கீழே முழுமையாக இணைத்திருக்கிறேன். இது பதிவாக வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார்.'

அனுப்பிவிட்டேன். நானூறு பேருக்கும்.

மாரிக்குப் போன் போட்டேன். எடுக்க நேரமாயிற்று. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"போட்டாச்சும்மா" என்றேன். "இப்பதான். பதினோரு மணிக்கு."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்குப் பத்தாம் தேதில்லா."

 மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப நான் அண்ணன்கிட்ட சொன்னது பொய் இல்லைல்லாண்ணே?"

"இல்லம்மா" என்றேன். "நீ சொன்னது பொய் இல்ல."